தோல்விக்கு ஒருவர் மட்டுமா பொறுப்பு?

ஒரு குடும்பமோ, பள்ளியோ, சங்கமோ தொடர்ந்து சரிவைச் சந்திக்கும்போது, "தலைமையில் இருப்பவரை மாற்றுங்கள்" என்னும் குரலே முதலில் எழுகிறது. மாற்றுவது எளிது, மாற்றியபின் நெஞ்சுக்கு ஓர் ஆறுதலும் கிடைக்கிறது. ஆனால் அம்மாற்றம் அறத்திற்குப் பொருந்துமா, அதனால் பயன் உண்டா என்னும் இரு வினாக்களை நாம் நிதானமாகக் கேட்பதில்லை. இவற்றை ஆராய விளையாட்டுத் துறை நல்ல களம். அங்கே வெற்றியும் தோல்வியும் எண்களால் எழுதப்படுவதால் பூசி மெழுக இடமில்லை.

எங்கள் விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரத்தில் ஹாக்கிக்கு உள்ள செல்வாக்குக் கால்பந்துக்கு இல்லை. ஆகவே ஒரு சிறு விளக்கம் தேவை. பல நாடுகளில் கால்பந்துக் கழகங்கள் படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆண்டு முடிவில் பட்டியலின் அடியில் நிற்கும் கழகங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும். இறங்கினால் வருவாய் குறையும். நல்ல ஆட்டக்காரர்கள் விலகுவர். மைதானத்தைப் பேணுபவர், சமையற்காரர் போன்றோரின் பிழைப்பும் ஆட்டம் காணும். அந்த அபாயம் நெருங்கும்போது பயிற்சியாளரை நீக்கிப் புதியவரை அமர்த்துவது உலக வழக்கம். இருபத்தைந்து ஆட்டக்காரர்களை ஒரே நாளில் மாற்ற இயலாது, ஒருவரை மாற்றலாம். பழி அவர்மேல் விழுவதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

நம் மாநிலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோவையில் ஆடிவந்த சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 2017-18ஆம் ஆண்டின் ஐ-லீக் போட்டியில் பத்துக் கழகங்களுள் எட்டாவதாக வந்தது. பதினெட்டு ஆட்டங்களில் அது பெற்றவை 19 புள்ளிகள். அதற்கு அடுத்து நின்ற கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் பெற்றவை 17. கீழ்ப்பிரிவுக்கும் அதற்கும் இடைவெளி இரண்டே புள்ளிகள். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் ஓர் ஆட்டத்தில் 7-1 என்னும் கணக்கில் அது தோற்றிருந்தது. அதன்பின் பயிற்சியாளர் சௌந்தரராஜனின் இடத்திற்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் வந்தார். மறு பருவத்தில், 2019 மார்ச் 9ஆம் நாள், கோவை மைதானத்தில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று, 43 புள்ளிகளுடன் அதே கழகம் ஐ-லீக் வாகையைச் சூடியது. ஒரே புள்ளி பின்தங்கி இரண்டாம் இடத்தில் நின்றது அதே ஈஸ்ட் பெங்கால்!

"பார்த்தீர்களா, தலைவரை மாற்றியதன் பயனை!" என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுப்போம். அந்த ஆண்டில் மாறியவர் பயிற்சியாளர் மட்டும் அல்லர். உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி புதிதாக வந்து 21 கோல்கள் அடித்தார். நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் முதலிய ஸ்பானிய ஆட்டக்காரர்கள் அவருக்குத் துணைநின்றனர். தோல்விகளின் நடுவே பயின்று முதிர்ந்த தமிழக இளைஞர்களும் அணியில் இருந்தனர். அவர்களுக்கு முதலில் வாய்ப்பளித்தவர்கள் முந்தைய பயிற்சியாளர்களே.

அடுத்த பருவம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2019-20ஆம் ஆண்டிலும் அக்பர் நவாஸே பயிற்சியாளர். கோர்டில்லோ விலகியிருந்தார், மான்சியோ பருவத்தின் இடையே ஜப்பானியக் கழகம் ஒன்றிற்குச் சென்றுவிட்டார். சென்னை சிட்டி வாகைக்கு அருகிலும் வர இயலவில்லை. மோகன் பகான் வென்றது. அக்பர் நவாஸின் அறிவும் உழைப்பும் ஓராண்டில் குறைந்து போயினவா? இல்லை. அவரைச் சூழ்ந்திருந்த காரணங்கள் மாறின. வெற்றி முழுவதும் அவருடையது அன்று என்றால், முந்தைய தோல்வி முழுவதும் அவருக்கு முன்னிருந்தவருடையதும் அன்று.

கரிசல் நிலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. மழை பொய்த்த ஆண்டில் விளைச்சல் இல்லை என்று, வாரத்துக்கு உழுபவரை நிலக்காரர் மாற்றுகிறார். அடுத்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்கிறது. பருத்தி வெடிக்கிறது, மிளகாய் களம் நிறைகிறது. "புது ஆள் கைராசிக்காரர்" என்று ஊர் பேசுகிறது. பழைய ஆளே இருந்திருந்தாலும் அந்த மழை பெய்திருக்கும் என்பதை எவரும் எண்ணுவதில்லை. மிக மோசமான காலத்திற்குப் பின் ஓரளவு நல்ல காலம் வருவதே இயல்பு. நாமோ மிக மோசமான காலத்தில்தான் ஆளை மாற்றுகிறோம். ஆகவே மாற்றம் பெரும்பாலும் பலித்தது போலவே தோன்றுகிறது.

இதை ஆய்ந்து பார்த்தவரும் உண்டு. பாஸ் தெர் வேல் என்னும் நெதர்லாந்துப் பொருளியல் அறிஞர், 1986 முதல் 2004 வரை அந்நாட்டுக் கால்பந்துக் கழகங்களில் நடந்த பயிற்சியாளர் மாற்றங்களை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். பயிற்சியாளரை நீக்கிய கழகங்கள் பின்னர் ஓரளவு மீண்டன. ஆனால் அதே போன்ற சரிவில் பயிற்சியாளரை நீக்காதிருந்த கழகங்களும் அவ்வாறே மீண்டன.

அப்படியாயின் மாற்றவே கூடாதா? அவ்வாறு சொல்வதும் ஒருபக்கப் பார்வையே. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கழகம் 2014-15ஆம் பருவத்தில் நெடுநாள் அடிமட்டத்தில் கிடந்தும் நைஜல் பியர்சனை மாற்றவில்லை. கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழினை வென்று அது தப்பியது. பின்னர் வந்த கிளாடியோ ரனியேரி 2016ஆம் ஆண்டில் எவரும் எதிர்பாராத வாகையைப் பெற்றுத் தந்தார். ஒன்பதே மாதங்களில், 2017 பிப்ரவரியில், கழகம் இறங்கும் நிலையை நெருங்கியதும் அவரை நீக்கினர். துணைப் பயிற்சியாளராயிருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று, முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். கழகம் பன்னிரண்டாம் இடத்தில் முடித்தது. அவரும் அவ்வாண்டு அக்டோபரில் நீக்கப்பட்டார்! ஒரே கழகத்தில் பொறுமையும் பலன் தந்தது. மாற்றமும் பலன் தந்தது. ரனியேரியை நீக்கியது நன்றி மறந்த செயல் என்று பலர் வருந்தினர். பலருடைய பிழைப்பு ஊசலாடும்போது நன்றியை மட்டுமே கருதி வாளாவிருப்பதும் அறமாகுமா என்று கேட்போருக்கும் நியாயம் உண்டு.

என் கருத்தில், இங்கே பிரித்தறிய வேண்டியது ஒன்று. இனி நடக்க வேண்டிய பணிக்கு வேறொருவர் தகுந்தவர் என்று மாற்றுவது நிர்வாகம். நடந்தவற்றுக்கெல்லாம் இவரே காரணம் என்று காட்டி வெளியேற்றுவது பழி சுமத்தல். செயல் ஒன்றே போல் தோன்றினும் உள்ளக் கருத்து வேறு, விளைவும் வேறு. முன்னதில், சரிவின் பிற காரணங்களைத் தேடும் வேலை தொடர்கிறது. பின்னதில் அவ்வேலை அன்றோடு நின்றுவிடுகிறது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும், பணத்தைச் சுருக்கியவர்களும், பயிற்சியில் சோம்பியவர்களும் நிம்மதியாக உறங்கச் செல்கின்றனர்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்ததென்று தலைமையாசிரியரை மாற்றினார்கள். மறு ஆண்டு தேர்ச்சி உயர்ந்தது. புதியவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவ்வாண்டு தேறிய பிள்ளைகள், முந்தையவர் தொடங்கிய மாலை வகுப்புகளில் எட்டாம் வகுப்பு முதல் பயின்றவர்கள். மேடையில் அவர் பெயரை எவரும் சொல்லவில்லை. புதியவர் உழைக்கவில்லை என்று நான் கூறவில்லை. விதைத்தவரையும் நினைத்திருக்கலாம் என்கிறேன்.

மாற்றம் தவிர்க்க இயலாததாயின் மூன்று கடமைகள் உண்டு. முதலாவது, காரணத்தை அவரிடமே நேரில் கூறுதல். செய்தித்தாளிலோ பிறர் வாயிலாகவோ அவர் அறியலாகாது. இரண்டாவது, அவருக்குச் சேர வேண்டியதைக் குறைவின்றிக் கொடுத்தல். மூன்றாவது, அவர் சென்றபின் அவரை இழித்துப் பேசாமை. மூன்றாவதே மிகக் கடினம். ஏனெனில் சென்றவரைக் குறைத்துப் பேசினால்தான் நம் முடிவு சரியென்று நமக்கே தோன்றும்.

நம் சங்கங்களிலும் பள்ளிக் குழுக்களிலும் அறக்கட்டளைகளிலும் இத்தகைய கூட்டங்கள் நடைபெறத்தான் செய்யும். அப்போது ஒரு தாளை எடுத்து, சரிவுக்குக் கூடியிருப்போர் ஒவ்வொருவரின் பங்கு என்ன என்பதை முதலில் எழுதுவோம். மாற்ற வேண்டியவர் பெயரை அதற்குப் பின்னர் எழுதலாம். ஒருவேளை, எழுத வேண்டிய தேவையே இல்லாமலும் போகலாம்.