திருவுருவும் அலங்காரமும்

திருக்கோயிலின்கண் எழுந்தருளி அடியவர் வழிபாட்டை ஏற்றருளும் கூத்தப்பெருமான் திருவுருவம் இக்காலத்துக் கோயிற்குப் புறம்பேயும் பலவிடங்களிற் காணப்படுகின்றது. உணவு விடுதியின் முகப்பிலும், செல்வர் மனையின் கூடத்திலும், நாட்டிய அரங்கின் ஓரத்திலும், நூல்களின் மேலட்டையிலும், இளைஞர் அணியும் சட்டையின் மார்பிலும், கைப்பேசியின் உறையிலும் அஃது அலங்காரப் பொருளாய் அமைந்துவிட்டது. இதனைக் கண்ட சைவருட் சிலர், இது சிவநிந்தையென வெகுள்வர். வேறு சிலர், பெருமான் திருவுருவம் உலகெலாம் பரவுதல் சமயத்துக்குப் பெருமையென மகிழ்வர். வெகுளியாயினும் மகிழ்ச்சியாயினும் ஆராய்ச்சியின் வழித் தோன்றின் கொள்ளற்பாலது; கண்ட மாத்திரையிற் கிளர்ந்தெழுந்ததாயின் கொள்ளற்பாலதன்று. ஆகலின், திருவுருவை அலங்காரமாகக் கொள்ளுதல் தகுமோ என்பதும், தகாதாயின் அக்குற்றம் யாரைச் சாரும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் திருவுருவின் இயல்பு அறியத்தக்கது. இறைவன் எங்கணும் நிறைந்தவன். நிறைந்தவனாயினும் எல்லாவிடத்தும் ஒருபடித்தாக விளங்கித் தோன்றான். பாலில் நெய் உண்டு. ஆயினும் கண்ணுக்குப் புலனாகாது. தயிரில் அந்நெய்யே சிறிது விளங்கித் தோன்றும். அதுபோல இறைவன் ஏனையிடங்களில் மறைந்தும், திருவுருவினும் அடியார் திருவேடத்தினும் விளங்கியும் நிற்பன் என்பது ஆசிரியர் துணிபு. சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் திருவேடமும் திருக்கோயிலும் வழிபடற்பாலன என விதித்ததும் இதுபற்றியே. அச்சூத்திரம் வேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கு வைத்து ஓதியது ஊன்றி நோக்கத்தக்கது. வேடமாவது பூசுதலும் அணிதலும் உடுத்தலுமாகிய புறக்கோலம். ஆகவே, ஒருவன் உடம்பின்மேல் விளங்குவது யாது என்னும் வினா சைவநூலார்க்குச் சிறுவினாவன்று.

இனி, திருவுருவின் அழகைக் கண்டு மகிழ்தல் குற்றமாமோ எனின், ஆகாது. அழகு ஆன்மாவை ஈர்த்தற்பொருட்டே சிற்பியரால் திருவுருவின்கண் அமைக்கப்பட்டது. அவ்வீர்ப்புக் கடல்கடந்த நாட்டாரையும் பற்றியது. ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1912ஆம் ஆண்டிற் சித்தாந்த தீபிகை என்னும் இதழில் திருக்கூத்தின் உட்பொருளை ஆங்கிலத்தில் விளக்கினார்கள். அக்கட்டுரையின் பெயரையே தலைப்பாகக்கொண்ட நூல் 1918இல் வெளிவந்தது. பிரெஞ்சு நாட்டுச் சிற்பியாகிய ரோடின் என்பார், சென்னைப் பொருட்காட்சிச்சாலையிலுள்ள கூத்தப்பெருமான் செப்புத் திருமேனிகளை நிழற்படத்தளவிலேயே கண்டு, 1913இல் வியந்து எழுதினார்; அவ்வுரை 1921இல் அச்சேறியது. சுவிட்சர்லாந்து நாட்டிலே அணுவின் நுண்கூறுகளை ஆராயும் செர்ன் நிலையத்தில் இந்திய அரசினர் அளித்த ஆடவல்லான் திருவுருவம் 2004ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இவற்றாலெல்லாம் சைவத்துக்கு இழுக்கொன்றும் நேர்ந்திலது. கோயில்வாயிலை அணுகாதாரும் அழகின் வாயிலாகச் சிறிது அணுகினர் என்பதே உண்மை.

ஆயினும் அழகு வாயிலேயன்றி வீடன்று. தொலைநாட்டிலுள்ள தந்தை தன் மகனுக்கு ஒரு திருமுகம் விடுத்தான் என்க. மகன் அதன் எழுத்தழகை வியந்து, பொற்சட்டம் கோலிச் சுவரில் மாட்டி, வருவார்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தான், படித்தானல்லன். அவன் தந்தையை இகழ்ந்தான் என்றல் பொருந்தாது. போற்றினான் என்றலும் பொருந்தாது. தூக்கிய திருவடியும் அமைந்த திருக்கையும் ஆன்மாக்கட்கு அருளிச்செய்யும் செய்தியை உணராது, வளைவும் நெளிவுமே கண்டு அமைபவன் நிலை அத்தகையது. தொடங்கிய வழியில் நின்றுவிட்டமையே அவன்பாற் குறை.

அக்குறை வளர்ந்து குற்றமாகும் இடமும் உண்டு. அழகுக்கு விலை வைக்கத் தொடங்குமிடமே அது. பத்தூர் என்னும் ஊரில் 1976ஆம் ஆண்டு நிலத்தைத் தோண்டியபொழுது வெளிப்பட்ட கூத்தப்பெருமான் திருவுருவம், கைமாறிக் கைமாறி இலண்டன் மாநகர் சென்று, 1982இல் இரண்டரை இலக்கம் பவுனுக்கு விற்கப்பட்டது. பின்னர் எழுந்த வழக்கிலே, இடிந்து கிடந்த அப்பத்தூர்த் திருக்கோயில் தன் உரிமையைக் கேட்டு வழக்காடுதற்கு உரியதென ஆங்கில நீதிமன்றம் 1988இல் ஏற்றது. மேல்மன்றமும் 1991இல் அதனை உறுதிசெய்யப் பெருமான் தாயகம் மீண்டனர். அரியலூரைச் சார்ந்த சிறீபுரந்தான் திருக்கோயிலிற் களவாடப்பட்ட திருவுருவம், ஆஸ்திரேலிய நாட்டுக் கலைக்கூடத்தாரால் 2008இல் ஐம்பது இலக்கம் அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கப்பெற்று, 2014இல் திருப்பி அளிக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கேட்பவர் கள்வரையும் வாங்கினவரையும் பழித்து அமைவர். பழிக்கத்தக்கதே. ஆயினும் சிறீபுரந்தானில் நாள்வழிபாடு குன்றிக் கதவடைத்துக் கிடந்த கோயிலிலேதான் களவு நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது. அந்தியில் ஒரு விளக்கு ஏற்றுவாரும் இல்லாத இடத்திலே, திருவுருவைப் பொருளென மதிப்பவன் ஒருவனே அதனைத் தேடிவந்தான். அயலான் அதனை வெறும் அழகுப்பொருளாகக் கண்டான் என்று குறைகூறுமுன், ஊரார் அதனை எதுவாகக் கண்டனர் என வினவுதல் முறையாகும்.

இனி, அச்சிட்ட படங்களைப்பற்றிச் சிறிது கூறுவாம் எனின், அவற்றால் விளைந்த நன்மையை முதலிற் சொல்லுதல் கடன். இரவிவர்மா 1894ஆம் ஆண்டிற் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தெய்வ வடிவங்களை வண்ணத்தில் அச்சிட்டுப் பரப்பினார். கோவிற்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு என்னும் ஓவியரும் அவர் மாணவரும் வரைந்த படங்கள் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாய்த் தமிழகத்துச் சுவர்களிலெல்லாம் தொங்கின. 1939இல் மதுரைத் திருக்கோயிற் கதவும், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சென்னை மாகாணத்துக் கோயிற் கதவுகளும் திறக்கப்படுமுன், கருவறையை எட்டநின்றும் காணப்பெறாத மக்கள் பலர். அவர்தம் குடிசையுள்ளே ஒரு காசுத் தாளில் வந்து காட்சி தந்தது அப்படமே. கோயிலார் அடைத்த கதவை அச்சுக்கூடம் ஒருவாறு திறந்தது. ஆகலின், படம் மலிந்தமையே குற்றமென்பார் கூற்றுப் பொருந்தாது.

மலிந்ததன் முடிவு யாது என்பதே ஆராயற்பாலது. ஆகமங்கள் மண்ணாலும் அரிசியாலும் ஆக்கி அன்றே நீக்கும் இலிங்கங்களையும் உடன்பட்டன. ஆயின் ஆக்குதற்கு முறை வகுத்ததுபோலவே நீக்குதற்கும் முறை வகுத்தன. பிள்ளையார் சதுர்த்தியிற் களிமண்ணிற் செய்த திருவுருவம் நீரிற் கரைக்கப்படுதல் யாவரும் அறிந்தது. அச்சிட்ட படத்துக்கோ நீக்கும் முறை யாதும் இல்லை. ஓராண்டு சுவரில் நின்று பூச்சூட்டப்பெற்ற படம், தைத்திங்களிற் குப்பைத்தொட்டியிற் கிடக்கின்றது. ஊதுவத்தி உறையிற் பதித்த திருமுகம், வத்தி தீர்ந்தவுடன் கிழிந்து தெருவிற் பறக்கின்றது. தீபாவளியிலே திருமகள் படம் ஒட்டிய வெடியைச் சிறுவர் கொளுத்துகின்றனர்; திருமகள் வடிவு துண்டுதுண்டாகிக் காலையில் வீதியெங்கும் சிதறிக் கிடக்க, அதனை மிதித்துக்கொண்டே மக்கள் கோயிலுக்குச் செல்கின்றனர். 2011ஆம் ஆண்டு சிட்னி நகரத்து ஆடையணிக் காட்சியொன்றில் திருமகள் உருவம் நீச்சலுடையிற் பதிக்கப்பட்டமை கேட்டு இந்நாட்டிற் பலர் வெகுண்டனர். அந்நிறுவனத்தார் பிழைபொறுக்க வேண்டி அவ்வுடையையும் நிறுத்தினர். அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெடிகள் நிறுத்தப்பட்டில. அறியாத அயலார் செய்தது குற்றமாயின், அறிந்த அன்பர் செய்வது குற்றமாகாமை யாங்ஙனம்?

ஈண்டு ஒரு தடை நிகழும். "இறைவன் எங்கும் உளன் எனின் குப்பையினும் உளன், தாள் கிழிதலால் அவனுக்கு நேர்வதொரு குறையும் இல்லை, ஆகவே இவ்வாராய்ச்சி வீண்" என்பர். இறைவனுக்குக் குறையின்மை உண்மையே. குறை நேர்வது ஆன்மாவுக்கு. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. நேற்று வணங்கிய வடிவை இன்று கூசாது மிதிக்கப் பழகிய கால், நாளை வணங்கும்பொழுது பழைய காலாக இராது. கூச்சம் ஒழிதலே அவ்வடிவின் பயன் ஒழிதலாம். விளக்கை இகழ்ந்தவனால் விளக்குக்கு ஊறில்லை. அவன் கண்ணுக்கே இருள்.

"அங்ஙனமாயின் எல்லாம் மனத்தளவே, மனந்தூயார்க்கு எவ்விடத்து எவ்வாறு வைப்பினும் அமையும்" எனின், அதுவும் அற்றன்று. மனந்தூயார் மிகச் சிலர். ஏனையோர்க்குக் கை செய்த வழியே மனம் செல்லும். கை கூப்பக் கூப்ப மனங் குவியும்; கை எறிய எறிய மனமும் எறியப் பழகும். சரியை முதற்படியாக வைக்கப்பட்டது இக்காரணத்தானே என்க.

இனி, குற்றம் யாரைச் சாரும் என்னும் வினாவுக்கு வருவோமாயின், பெரியபுராணத்து வரலாறு இரண்டு வழிகாட்டும். பகைவனாகிய முத்தநாதன் திருநீறு பூசி, நூற்கட்டுள் வாளை மறைத்து, திருக்கோவலூரிற் புகுந்தான். மெய்ப்பொருணாயனார் அவ்வேடத்தை வணங்கினார். குத்துண்டு வீழ்ந்தபின்னும் அவனுக்கு ஊறு நேராவண்ணம் ஊரெல்லைவரை கொண்டுவிடும்படி தத்தனைப் பணித்தார். நாயனார் வணங்கினமையால் முத்தநாதன் செயல் நற்செயலாயிற்றில்லை. முத்தநாதன் வஞ்சித்தமையால் நாயனார் வணக்கம் வீணாயிற்றுமில்லை. வேடத்தை மேற்கொள்வான் கடன் வேறு. காண்பான் கடன் வேறு. இவ்வேற்றுமையை உணராமையாலன்றோ, காண்பவர் தம் கடனை மறந்து, மேற்கொண்டார் கடனையே எண்ணி வெகுள்கின்றனர்.

ஆகவே பெறப்படுவன இவை. திருவுருவை எழுதுவானும் அச்சிடுவானும் அது சென்று முடியும் இடத்தை எண்ணியே அமைத்தல் வேண்டும். கிழிபடுவதிலும் மிதிபடுவதிலும் அதனைப் பதித்தல் ஒழிதற்பாலது. வாங்குவான், வைக்கும் இடமும் நீக்கும் முறையும் தன்பால் உளவோ என நோக்கி வாங்குதல் வேண்டும். பழைய படத்தை ஆற்றிலோ தீயிலோ தூய்மையுற நீக்குதற்கு ஒரு நாழிகை போதும். அணிவான், மார்பில் விளங்கும் வடிவு தன் செயலுக்குச் சான்றாக நிற்பதை நினைதல் வேண்டும். அந்நினைவு உளதாயின் அலங்காரமே வேடமாகும். காண்பானோ, யார் மேல் எக்கருத்தோடு விளங்கினும், தன்னளவில் வணங்குதலே கடன். திருத்தவேண்டின் இன்சொல்லால் திருத்துக.

சேரமான்பெருமாணாயனார் முடிசூடி யானைமேல் உலாப்போந்தபொழுது, உவர்மண் மூட்டை மழையிற் கரைந்து உடம்பெல்லாம் வெளுத்து எதிர்வந்த வண்ணானைக் கண்டனர். திருநீற்று நினைவு எழ, யானையினின்றும் இழிந்து தொழுதனர். அவன் நடுங்கித் தான் அடிமையாகிய வண்ணான் எனத் தெரிவித்தான். அரசர் தாமும் அடிமையே எனக் கூறி, திருநீற்றுக் கோலத்தை நினைப்பித்தமைக்காக அவனைப் போற்றி, வருந்தாது செல்க என விடுத்தனர். வண்ணான் திருநீறு பூசினானல்லன், வஞ்சித்தானும் அல்லன், தன் தொழிலைச் செய்துகொண்டு சென்றான், அவ்வளவே. இன்று இறைவடிவம் பொறித்த சட்டையை அணிந்து செல்லும் இளைஞருட் பெரும்பாலார் நிலையும் அதுவே. அவரைக் கண்டு சினந்து நிற்பதோ, யானையினின்று இழிவதோ என்பது காண்பவர் துணியவேண்டுவது.

திருச்சிற்றம்பலம்.