அட்டையும் ஆளும்

வடலூர் தருமச்சாலையில் யார் நீ, எந்த ஊர், என்ன சாதி என்ற கேள்விக்கு இடமில்லை. 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பந்தியில் வந்து உட்கார்ந்தால் போதும், இலையில் சோறு விழும். பசித்தவரின் தேசம், சமயம், சாதி, நடத்தை எதையும் ஆராயாமல் பசியாற்று என்பதுதான் அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ சொல்லும் சங்கதி. அதைப் படித்து ஊறியவன் நான். ஆனால் என் பிழைப்பு அதற்கு நேர் எதிர். அந்த வட்டாரத்தில் ரேஷன் கடை விற்பனையாளர். கார்டைக் காட்டு, கைரேகை வை என்று கேட்காமல் ஒரு கிலோ அரிசி போட எனக்கு அதிகாரம் கிடையாது. விசாரிப்பதே வேலையாக உள்ளவன் ஜீவகாருண்யத்தை எங்கே கொண்டு வைப்பது?

எங்கள் பக்கம் முந்திரிக் காடு. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பெண்கள் பலருக்குக் கொட்டை உடைப்பதுதான் ஜீவனம். முந்திரிக்கொட்டைத் தோட்டில் கசியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல்நுனி கறுத்து, உரிந்து, வழவழவென்று ஆகிவிடும். அந்த விரலை மிஷினில் வைத்தால் ரேகை விழாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுகை என்று மாற்றி மாற்றி வைப்பார்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். அந்த அம்மா கையை மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி.

“மிஷினுக்குத்தான் கண்ணு தெரியல அக்கா, உங்க கைக்கு என்ன குறை? ஈரத்துணியில தொடச்சிட்டு மறுபடி வைங்க” என்பேன். வரிசையைப் பார்த்து, “கொட்டை ஒடைச்ச கை, செத்த பொறுங்கப்பா” என்பேன். முணுமுணுப்பு நின்றுவிடும். அந்த வரிசையில் அப்படிப்பட்ட கை இல்லாத வீடு குறைவு. இப்போது கருவிழியைப் பார்க்கும் கருவியும் வந்திருக்கிறது. ரேகைச் சிக்கலை அது தீர்க்கலாம். ஊர் முன்னால் குறுகி நிற்கிறவரை நிமிர்த்துவதற்கு எந்தக் கருவியும் வராது, ஆள்தான் வேண்டும்.

சிரித்த முகமும் நல்ல வார்த்தையும் இருந்தால் எல்லாம் ஆயிற்றா என்று கேட்கலாம். ஆகாது. வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டுவிட்டு எடையில் நூறு கிராம் அடித்தால் அது வெறும் ஏய்ப்பு. வள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறை இதற்குத் துணை. விருந்தோம்பல் ஒன்பதாவது, இனியவை கூறல் பத்தாவது, நடுவு நிலைமை பன்னிரண்டாவது. ஈகை வருவதோ இருபத்து மூன்றில். கொடுக்கும் கைக்கு முன்னே இனிய சொல்லையும் கோணாத தராசையும் அவர் வைத்திருக்கிறார். நான் கொடுக்கும் அரிசி என்னுடையதல்ல, அரசாங்கத்தினுடையது. அதை ஈகை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. என் கைமுதல் சரியான எடையும் மரியாதையான பேச்சும்தான்.

ஆகவே எனக்குக் கிடைத்த விடை இது. வள்ளலார் விலக்கியது தகுதி பார்க்கும் விசாரணையை. இவள் குடிகாரன் பெண்டாட்டி, இவன் அரிசியை விற்றுத் தின்கிறவன் என்று வரிசையில் நிற்பவரை மனதுக்குள் தரம் பிரிப்பது அந்த வகை. சர்க்கார் அதைச் செய்யச் சொல்லவில்லை, நாமாகச் செய்துகொள்வது. அட்டையைச் சரிபார்க்கச் சம்பளம் வாங்குகிறேன், ஆளை எடைபோட யாரும் என்னை நியமிக்கவில்லை. முட்டி வலி எப்படி இருக்கு, மூட்டையைத் தூக்கிவிட ஆள் இருக்கா என்று கேட்பதை எந்த நூலும் விலக்கவில்லை.

இதற்குப் பரீட்சை, பருப்பு லோடு வராத நாளில்தான். கொடுக்கும்போது இனிமையாக இருப்பது எளிது. “இல்ல, போ” என்றால் அரை நொடியில் வேலை முடிந்தது. “பருப்பு இன்னிக்கு வரல அக்கா. வந்ததும் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்லி அனுப்பறேன், வெயில்ல சும்மா நடக்காதீங்க” என்றால் கூடுதலாகச் செலவாவது ஒரு மூச்சு. இரண்டிலும் அவர் பை காலியாகத்தான் திரும்புகிறது. ஆனால் முதல் பதிலில் அவர் நடந்த நடை ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவதில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சொன்னபடி பையனை அனுப்பினால்தான் அந்தக் கணக்கு நேராகும்.