தண்டமிழந்த மன்னரின் தர்மம்

தண்டமின்றித் தர்மம் நிலைபெறாது என்பது நமது ராஜநீதி நூல்களின் பொதுக் கொள்கை. சாந்தி பருவத்தில் பீஷ்மர் யுதிஷ்டிரருக்கு இதனையே விரிவாக உபதேசிக்கிறார். அங்ஙனமாயின், தண்டிக்கும் அதிகாரத்தைக் கையொப்பமிட்டுப் பிறரிடம் ஒப்புவித்துவிட்ட அரசருக்கு ராஜதர்மம் என ஒன்று எஞ்சுகிறதா?

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சைச் சீமையின் வரிவசூலும் நியாய பரிபாலனமும் கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாகி, கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்திலொரு பங்குமே மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு மிஞ்சியபோது, அவர் மன்றாடிக் காத்துக்கொள்ள விழைந்தது படையையன்று, இராமேசுவர யாத்திரை வழியிலிருந்த சத்திரங்களையே. அவற்றின் நிர்வாகத்தில் கை வைக்க வேண்டாமென்று 1801-இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம், தானசாசனங்களுக்கு நிகராக வைத்துப் படிக்கத்தக்கது. அந்தணர் முதல் பறையர் ஈறாக, ஜோகி, ஜங்கமர், பைராகி என வருவோர் எவராயினும் அன்னம் பெறுவர்; பிறர் சமைத்ததை உண்ணாதார் அரிசி பெறுவர்; நோயுற்றோருக்கு வைத்தியரும், கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பும், குழந்தைகளுக்குப் பாலும், அனாதைச் சிறுவர்களுக்கு மூவேளை உணவும் உபாத்தியாயரும், வழியில் மாண்டோருக்கு அவரவர் குலாசாரப்படி ஈமக்கடனும் உண்டென்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கையில், இது ஒரு மன்னரின் வேண்டுகோளா, இல்லறத்தானின் கவலையா என்று நெஞ்சம் நெகிழ்கிறது.

ஆயினும் இத்தர்மம் முழுமையானதென்று என்னால் கூற இயலவில்லை. அவ்வன்னம் விளைந்த காவேரி வயல்களின் உழவனிடம் எவ்வளவு வரி தண்டுவது என்பதில் மன்னருக்குக் குரலில்லை. பசியை ஆற்றலாம், பசியை விளைவிக்கும் அநீதியைத் தடுக்க இயலாது. பந்தியின் பேதமும் அப்படியே நின்றது. எங்கள் மணலி புதுநகரின் தர்மபதியில் வழிபடப்பெறும் அய்யா வைகுண்டர், சரபோஜி மறைந்த அதே பத்தாண்டில், கம்பெனிக்குக் கப்பம் கட்டிய திருவிதாங்கூரில் சிறைவைக்கப்பட்டவர். செங்கோலை ஒருநாளும் ஏந்தியிராத அவர், எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் நீர் முகக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் செய்தார். தண்டமில்லாத தர்மம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு, தஞ்சையைக் காட்டிலும் அவர் வாழ்ந்த சுவாமித்தோப்பே வலிய சான்று என்பது என் துணிபு.

தர்மமில்லாத தண்டத்தையும் தஞ்சை கண்டது. 1855-இல் சரபோஜியின் மகன் சிவாஜி மன்னர் ஆண் சந்ததியின்றி மறைந்ததும், கம்பெனியார் அரசுரிமையை அழித்ததோடு அரண்மனையின் சொந்த உடைமைகளையும் கைப்பற்றினர். அவருடைய ராணி காமாட்சி பாயி தொடுத்த வழக்கில் சென்னை சுப்ரீம் கோர்ட்டு அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தும், அது அரசின் செயல், எந்த நீதிமன்றமும் அதனை விசாரிக்கலாகாது என்று 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. சத்திரங்களோ அரசைக் கடந்தும் நின்றன. சத்திர நிர்வாகம் என்ற பெயரிலேயே ஓர் அலுவலகம் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் அவற்றின் நிலங்களைப் பேணி வருகிறது.