மண்டாவும் மனச்சான்றும்

யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழங் குறைந்தது. அதன் பரவைக்கடலில் இராக்காலத்தில் விளக்கொளியோடு நடந்து சென்று, அடியிற் கிடக்கும் மீனை மண்டாவினாற் குத்திப் பிடித்தல் நெடுங்காலமாக அறியப்பட்ட முறையாகும். தூண்டிலும் களங்கட்டியும் மீன் வரும்வரை காத்திருப்பன. மண்டாவோ மீனைத் தேடிச் செல்வது. இவ்வேறுபாடு தொழின்முறை சார்ந்ததாகத் தோன்றினும், அதனுள்ளே அறவினா ஒன்று பொதிந்துள்ளது. கண்ணாற் கண்டு, இதனையே கொல்வது எனத் தெரிந்து கொல்பவனுடைய பொறுப்பு யாது?

மண்டாவுக்குச் சார்பான வாதம் வலிமையுடையது. 2009இல் போர் முடிவுற்றபின் வடபுல மீனவர் மீண்டும் கடலுக்குச் சென்றபோது, தமிழகத்து இழுவைப் படகுகள் அடித்தளத்தை வாரிச் செல்வதையே கண்டனர். அடித்தள இழுவைமடி முறையை இலங்கை 2017இல் சட்டத்தாற் தடைசெய்தது. இழுவைமடி குஞ்சையும் சினை மீனையும் வேண்டாத உயிர்களையும் ஒருங்கே அள்ளும். வலைக்கும் கண்கள் உண்டு; ஆயின் அவை காண்பதில்லை. மண்டா பிடித்தவனோ தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்து, ஏனையவற்றை விட்டுவிட வல்லவன்.

எனினும், தெரிந்தெடுக்கும் ஆற்றல் தன்னளவில் அறமாகிவிடாது. ஈட்டி ஏந்தியவனின் கண் இயல்பாகவே பெரிய மீனை நாடும். கலவாய் இனத்துட் பல, முதலிற் பெண்ணாயிருந்து பின்னர் ஆணாக மாறுவன, மெல்ல வளர்வன, ஒரே பாறையிடுக்கிற் பல காலம் வாழ்வன. ஆதலின் பாறைதோறும் பெரியவற்றையே தேடிக் குத்துவோன், ஓர் இனத்தின் ஆண்களையே அருகச் செய்தல் கூடும். இரவிற் பாறையிடையே உறங்கும் கிளிமீன் தப்பியோட முயல்வதுமில்லை. விசையால் எய்யும் ஈட்டித் துப்பாக்கியை இலங்கைச் சட்டம் தடுப்பதன் நியாயமும் இங்கு விளங்கும். குருட்டு வலை செய்யாத தீங்கினைக் காணும் கண் செய்தல் இயலும்.

மீன் நோவை உணராது என்பார் உளர். 2003இல் பிரித்தானிய ஆய்வாளர் லின் சினெடனும் அவர்தம் குழுவினரும் திரவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறு உணர் நரம்புகள் உள்ளமையையும், உதட்டில் அமிலம் ஏற்றியபோது அதன் நடத்தை மாறியமையையும் காட்டினர். அது மனிதர் உணரும் நோவுதானா என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை. முடியாத விவாதம் கொல்பவனுக்கு உரிமைச் சீட்டாகாது. ஐயமுள்ள இடத்தில் எச்சரிக்கையே கடமை. குறி உறுதியாகாமற் குத்துவதால், காயத்தோடு தப்பி எவருக்கும் உணவாகாமல் மடியும் மீன் வீண்கொலையின் சான்றாகும்.

தமிழரின் அறமரபு இவ்வினாவை எளிதாக முடித்து வைப்பதன்று. வள்ளுவர் புலான் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். மறுபுறம், நாகப்பட்டினத்து நுளையர் குலத்து அதிபத்தரைச் சைவம் அறுபத்துமூவருள் ஒருவராகப் போற்றுகின்றது. அவர் மீன்பிடித்தலைக் கைவிட்டவரல்லர். நாள்தோறும் ஒரு மீனை இறைவனுக்கெனக் கடலில் விட்டவர். ஒரு மீனே கிடைத்த நாளிலும் அதனை விட்டமையே அவர் பெருமை. கொலைத்தொழிலுள்ளும் விட்டுக்கொடுக்கும் வரம்பு ஒன்று உண்டு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் கருத்தெனலாம்.

குற்றம் முழுவதையும் குத்துவோன் தலையிற் சுமத்துதலும் முறையன்று. வெள்ளிக்கிழமை மச்சம் விலக்கி, சனிக்கிழமை காலையிற் சந்தையிலே பெரிய மீனுக்குப் பேரம் பேசும் சமூகம், அம்மீனைப் பிடிப்பவனைத் தாழ்ந்தவனாகக் கருதிவந்தமை யாழ்ப்பாணத்துப் பழைய முரண்பாடு. உண்பவன் கையிற் குருதி படாமைக்குக் காரணம் அவன் தூய்மையன்று. அது மற்றொருவன் கையிற் பட்டமையே. பெரிய மீனையே வேண்டிநிற்கும் நுகர்வோன், ஈட்டியின் மறுமுனையைப் பிடித்திருப்பவனாவான்.

ஆகவே, குடும்பத்தின் பசிக்காகக் குத்துவோனையும் பொழுதுபோக்குக்காகக் குத்துவோனையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. முன்னவனுக்குத் தேவை ஒரு வரம்பாக அமைகின்றது. பின்னவனுக்கு அத்தகைய வரம்பு இல்லையாதலால், அதனை அவனே தனக்கு விதித்துக்கொள்ளல் வேண்டும். இருவருக்கும் பொதுவான கடன்கள் சில உள: இனத்தையும் பருவத்தையும் அறிதல், குறி தவறுமெனின் குத்தாதிருத்தல், குத்தியதை வீணாக்காதிருத்தல், போதுமானபோது கரையேறுதல். இவற்றைக் கண்காணிக்க நடுநிசிப் பரவைக்கடலில் அதிகாரி எவரும் நிற்பதில்லை. விளக்கொளியில் அகப்பட்ட பெரிய கலவாயைக் குத்தாமல் விட்டவனைப் பாராட்டுவாரும் அங்கு இல்லை. அவ்விடத்திற் காக்கப்படுவதே தனிமனித அறம்.