சோதனைக்குப் பிறர் விவரமா?

கணினி நிரல் எழுதுவோர், அதைப் புழக்கத்திற்கு விடுமுன் சோதித்துப் பார்ப்பர். அதற்குப் பெயர், பிறந்த நாள், நோய்க்குறிப்பு போன்ற விவரங்கள் வேண்டும். உண்மையான பதிவேட்டையே பிரதியெடுத்துக் கொடுப்பது எளிது. ஆயினும் அது முறையாகுமா என்று நாம் கேட்கிறோம்.

நோயாளி தம் நோயைச் சொன்னது சிகிச்சைக்காக. அவ்விவரம் மருத்துவமனையிடம் அமானிதம். காப்பாக வைக்கத் தந்த நகையை ஒருநாள் அணிந்துவிட்டுத் திருப்பி வைத்தாலும் அது அத்துமீறலே அன்றோ?

“பெயரை நீக்கிவிட்டோமே” என்பர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியரின் மருத்துவப் பதிவுகள் பெயர் நீக்கியே ஆய்வாளர்க்கு வழங்கப்பட்டன. 1997இல் லட்டான்யா ஸ்வீனி என்னும் ஆய்வு மாணவி, 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டெடுத்தார். பிறந்த நாள், பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே அதற்குப் போதுமாயிருந்தன!

ஆகவே, விவரங்களைப் புனைந்து சோதிப்பதே நேரிய வழி. பிப்ரவரி 29இல் பிறந்தவர், ஒற்றைப் பெயர் மட்டுமே உடையவர் என அரியவற்றையும் எண்ணிப் புனைதல் வேண்டும். புனைந்ததில் சிக்காத பிழை பின்னர் நோயாளிக்கே தீங்காகாதா எனின், அவ்வச்சம் மெய்யே. அதற்கு வழி, உரியவரிடம் அனுமதி கேட்பது, கேளாமல் எடுப்பதன்று. உரியவர் அறியமாட்டார் என்பதால் அமானிதம் நமதாகிவிடாது.