விலைக்கு வாங்கிய சுதந்திரம்

தன் நாட்டிலே மறுக்கப்பட்ட சுதந்திரத்தை இன்னொரு நாட்டிலே ஒரு மனிதன் காசு கொடுத்து வாங்குவானாயின், அவன் வாங்கியது சுதந்திரந்தானா? வாங்கியவன் ஆறுதல் பெறும் அவ்வேளையில் விற்றவனுக்கு நேர்வது யாது? ஆணை விரும்பும் ஆண்களாகிய வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை எதிர்பார்த்து நிற்கும் மசாஜ் நிலையங்களும், அப்பயணிகளுக்கென வெளிவரும் ஊர்ச் செய்திகளும் இவ்வினாக்களை நம் முன் வைக்கின்றன. பேசக் கூசும் விடயம் இது என்று முகஞ்சுளித்து அப்பாற் செல்வோர் பலர். ஆனால் முகச்சுளிப்பு ஒருபோதும் சிந்தனைக்கு ஈடாகாது. சுரண்டலைப் பற்றியும் விடுதலையைப் பற்றியும் பேசுகின்ற நாம் இவ்விடயத்தைத் தவிர்ப்பதற்கு நியாயமில்லை.

முதலில் அச்செய்திகள் எவ்வாறு தோன்றின என்பதைப் பார்ப்போம். 1960 களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலே பொப் டாம்ரன் என்பவர், தன்பால் விருப்புடையோர் அச்சமின்றிக் கூடக்கூடிய மதுச்சாலைகளின் முகவரிகளைத் திரட்டி, சட்டைப் பையில் அடங்கும் சிறு நூலொன்றை வெளியிட்டார். 1970 இல் 'ஸ்பார்ட்டகஸ்' என்னும் சர்வதேச வழிகாட்டி தோன்றியது. உரோமாபுரியை எதிர்த்தெழுந்த அடிமைத் தலைவனின் பெயர் அது. ரோசா லக்சம்பேர்க்கும் அவர் தோழர்களும் தம் அமைப்புக்குச் சூட்டிய பெயரும் அதுவே. இன்று அவ்வழிகாட்டிகள் வெறும் களியாட்டக் கைநூல்களாகத் தோன்றலாம். ஆனால் இங்கிலாந்திலே 1967 வரையும், மேற்கு ஜேர்மனியிலே 1969 வரையும், ஆணும் ஆணும் தனியறையில் விரும்பிக் கூடுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் 2003 வரை நீடித்தன. ஓர் ஆசிரியர் தம் தொழிலை இழப்பதற்கு ஒரு வதந்தியே போதுமாயிருந்தது. அக்காலத்தில் பாதுகாப்பான ஒரு கதவின் முகவரி, இருளில் நடப்பவனுக்குக் கிடைத்த விளக்கை ஒத்தது. இதனை மறந்துவிட்டு அவ்வழிகாட்டிகளை எள்ளி நகையாடுதல் நேர்மையாகாது.

ஆயினும் அதே வழக்கில் வந்த செய்திகள் பாங்கொக்கையும் பட்டாயாவையும் பற்றிப் பேசும்போது அவற்றின் தன்மை மாறிவிடுகின்றது. எந்தத் தெருவில் எந்த நிலையம் புதிதாகத் திறக்கப்பட்டது, எது மூடப்பட்டது, ஒரு மணிநேர எண்ணெய் மசாஜுக்குக் கட்டணம் எவ்வளவு, வேலையாளுக்கு எவ்வளவு இனாம் கொடுத்தால் போதும், பொலிஸார் எங்கே சோதனையிட்டனர், விசா விதியில் என்ன மாற்றம் என்பனவே அச்செய்திகளின் பொருள். பயணிக்கு ஏமாற்றமோ இடரோ நேராதிருக்க வேண்டும் என்னும் கரிசனை அவற்றில் நிறைய உண்டு. வேலையாளோ அங்கே ஒரு வயதாக, ஒரு புன்னகையாக, ஒரு விலையாக மட்டுமே காணப்படுகின்றான். அவனது ஊர் எது, அவன் உழைப்பை நம்பி வாழ்வோர் எத்தனை பேர், நோயுற்ற நாளில் அவன் எதை உண்பான் என்பன செய்தியாவதில்லை. தன்னை ஒரு காலத்தில் சமூகம் எவ்வாறு பெயரற்றவனாக்கிற்றோ, அவ்வாறே பயணியும் இன்னொருவனைப் பெயரற்றவனாக்கிவிடுகின்றான்.

இந்நிலையங்களின் பொருளாதாரத்தை அறியாமல் இவற்றின் ஒழுக்கத்தைப் பேச இயலாது. பெரும்பாலும் வேலையாளுக்கு நிலையான மாதச் சம்பளம் இல்லை. வாடிக்கையாளர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கும், அவர் தனியே கொடுக்கும் இனாமுமே அவனது வருமானம். அன்று எவரும் அவனைத் தெரிவு செய்யாவிடின், வாசலில் நாள் முழுதும் அமர்ந்திருந்தமைக்கு ஊதியமில்லை. தாய்லாந்தில் 2024 ஜனவரியில் ஒரு நாளுக்குரிய குறைந்தபட்சக் கூலி, மாகாணத்திற்கேற்ப 330 முதல் 370 பாட் வரை இருந்தது. பயணி ஒருவன் ஒரு மணிநேரத்துக்குக் கொடுக்கும் இனாம் அத்தொகையை விஞ்சிவிடக்கூடும். வறட்சிமிக்க வடகிழக்குப் பிராந்தியமாகிய ஈசானின் நெல்வயல்களிலிருந்தும், அண்டை நாடுகளான மியன்மார், லாவோஸ், கம்போடியா ஆகியவற்றிலிருந்தும் இளைஞர் இங்கு வந்து சேர்வதன் இரகசியம் இக்கணக்கில் அடங்கியிருக்கின்றது. அவர்களுட் சிலர் தாமும் ஆண்களை விரும்புபவர். கிராமத்தின் கண்காணிப்பிலிருந்து தப்பி வந்தவர். வேறு சிலர் ஊரிலே மனைவி மக்களை உடையவர். இரு சாராரையும் ஒரே வாசலில் அமர்த்தியிருப்பது கூலிக் கணக்கே.

இத்தொழில் தானாக வளர்ந்ததன்று. 1960 இல் தாய்லாந்து அரசு விபசாரத்தைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. 1966 இல் இயற்றிய மற்றொரு சட்டத்தினால் மசாஜ் நிலையங்கள் உள்ளிட்ட களியாட்ட இடங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்க வழிசெய்தது. முன்வாசலைப் பூட்டிய கையே பின்வாசலைத் திறந்துவிட்டது. 1967 இல், வியட்நாமிலே போரிட்ட அமெரிக்கப் படையினர் ஓய்வுக்காகத் தாய்லாந்து வருவதற்கு உடன்படிக்கை செய்யப்பட்டது. மீன்பிடிக் கிராமமாயிருந்த பட்டாயா அக்காலத்திலேயே வேறு உருவம் எடுக்கலாயிற்று. போர் முடிந்து படையினர் போயினர். அவர்களுக்காக அமைந்த தெருக்கள் உல்லாசப் பயணிகளுக்காக நிலைத்து நின்றன. 1996 இல் புதிய சட்டம் வந்த பின்னரும் தொழில் சட்டத்துக்குப் புறம்பானதாகவே இருந்தது. ஆதலால் ஏமாற்றப்பட்ட வேலையாள், தான் செய்த வேலை இன்னதென்று வாய்விட்டுக் கூறி முறையிட இயலாதவனானான்.

இங்கே ஒரு முரண்பாடும் கவனிக்கத்தக்கது. மசாஜ் தாய்லாந்து மக்களின் பழம்பெரும் வைத்தியக் கலை. பாங்கொக்கின் வாட் போ விகாரையிலே, மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அக்கலையின் நுட்பங்களை இன்றும் காட்டி நிற்கின்றன. 2019 இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. கலைக்குக் கிடைத்த அம்மதிப்பு, அக்கலையை விற்று வயிறு வளர்க்கும் கைகளை இன்னும் எட்டவில்லை.

இந்நிலையைக் கண்டு இருவகைத் தீர்ப்புகள் கூறப்படுகின்றன. முதலாவது ஒழுக்கவாதிகளின் தீர்ப்பு: ஆண் ஆணை நாடுதலே இழிவு, ஆகவே அதனைச் சார்ந்த யாவும் இழிவு என்பது. முற்போக்காளர் இத்தீர்ப்புக்கு அப்பாற்பட்டவர் என்று நாம் பெருமை கொள்ளலாகாது. 1898 இல் ஜேர்மன் பாராளுமன்றத்தில் தன்பால் விருப்பைத் தண்டிக்கும் 175 ஆம் பிரிவை நீக்கவேண்டுமென்று குரல் கொடுத்தவர் சோசலிசத் தலைவரான ஓகஸ்ட் பேபல். ஆனால் நான்கே ஆண்டுகளின் பின், உருக்குப் பேரரசரான பிரெட்ரிக் குரூப் இத்தாலியின் காப்ரித் தீவிலே உள்ளூர் இளைஞரோடு உறவு கொண்டதாக எழுந்த குற்றச்சாட்டை, அதே கட்சியின் ஏடாகிய 'போர்வார்ட்ஸ்' வெளியிட்டது. ஒரு வாரத்தில் குரூப் இறந்தார். பீரங்கி செய்து பொருள் குவித்தவர் மீது தொழிலாளர் ஏட்டுக்குக் கோபம் வருதல் இயல்பே. ஆனால் அவரைத் தாக்க அது ஏந்திய ஆயுதம், எந்தச் சட்டத்தை நீக்க வேண்டுமென அக்கட்சி கோரிற்றோ அச்சட்டம் வளர்த்த வெறுப்பே. காப்ரியின் ஏழை இளைஞனுக்கும் எசன் நகரத்துக் கோடீசுவரருக்கும் இடையே கிடந்த பள்ளம் பேசப்படாமலே போயிற்று.

சோவியத் நாட்டின் வரலாறும் இதே பாடத்தைப் புகட்டும். 1922 ஆம் ஆண்டின் ருஷ்யக் குற்றவியற் சட்டத்தில் ஆண்களின் உறவு குற்றமாகக் கூறப்படவில்லை. ஸ்டாலின் காலத்தில், 1934 இல், அது மீண்டும் குற்றமாயிற்று. புரட்சி தந்ததைப் பீதி பறித்துக்கொண்டது. அருவருப்பை வர்க்க உணர்வு என்று பெயரிட்டழைப்பதனால் எந்தத் தொழிலாளியும் விடுதலை பெறவில்லை.

இரண்டாவது, சந்தையின் தீர்ப்பு. வளர்ந்த இருவர் மனமொத்துச் செய்யும் கொடுக்கல் வாங்கலில் மூன்றாமவருக்கு என்ன வேலை என்று அது கேட்கும். நாம் இங்கு பேசுவது வளர்ந்தோரைப் பற்றியே. சிறுவரைச் சுரண்டுதல் எந்நாட்டிலும் கொடுங்குற்றம். அதனைத் தன்பால் விருப்போடு ஒன்றாக்கிப் பேசுதல் அவதூறு. வளர்ந்தோரின் மன ஒப்புதல் பெறுமதி வாய்ந்தது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ஒப்புதலின் பெறுமதியை எதனால் அளப்பது? 'இல்லை' என்று சொன்னால் அன்றிரவு பட்டினி என்னும் நிலையில் ஒருவன் கூறும் 'ஆம்' எவ்வளவு கனமுடையது? பயணியையும் வேலையாளையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் உண்மை புலனாகும். ஒருவன் தன் நாட்டுச் சட்டத்துக்கும் சமூகத்துக்கும் அஞ்சி, தன் உள்ளம் விரும்பியதற்கு 'ஆம்' என்று சொல்ல முடியாதிருந்தவன். மற்றவன் பசிக்கு அஞ்சி, தன் உள்ளம் விரும்பாததற்கு 'இல்லை' என்று சொல்ல முடியாதிருப்பவன். இருவருமே சுதந்திரம் குன்றியவர். ஆனால் ஒருவனின் குறையை மற்றவனின் குறையைக் கொண்டே நிரப்புவதுதான் இவ்வாணிபம்.

கூலிக்கு உழைக்கும் எவனுக்குத்தான் மறுக்கும் உரிமை உண்டு, ஆலைத் தொழிலாளி மறுக்க முடியுமா என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. அதன் விடையும் அதனுள்ளேயே இருக்கின்றது. ஆலைத் தொழிலாளியை நாம் பழிப்பதில்லை, ஆலையை மூடச் சொல்வதுமில்லை. அவன் சங்கம் அமைக்கவும், வேலைநேரத்தை வரையறுக்கவும், தகாத கட்டளையை மறுக்கவும் உரிமை கோருகின்றோம். அதே அளவுகோலை மசாஜ் நிலையத்தின் வாசலிலும் வைப்பதற்கு நாம் தயங்குவானேன்?

இவ்வாணிபத்தில் யார் சுதந்திரர், யார் அல்லர் என்பதை 2020 ஆம் ஆண்டு ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. 2019 இல் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டவர் ஏறத்தாழ 4 கோடி. கொள்ளைநோய் பரவ, 2020 இல் அத்தொகை 70 இலட்சத்துக்கும் குறைந்தது. எல்லைகள் அடைபட்டன, மசாஜ் நிலையங்கள் மூடப்பட்டன. பயணி தன் விடுமுறையை ஒத்திவைத்தான். வேலையாள் தன் பசியை ஒத்திவைக்க முடியவில்லை. முறைசாராத் தொழிலாளருக்கு மாதம் 5,000 பாட் வீதம் மூன்று மாதங்களுக்கு அரசு உதவியளித்தது. குடியுரிமையற்ற அயல்நாட்டுத் தொழிலாளருக்கு அதுவும் இல்லை. அப்போது உணவுப் பொதிகளோடு தெருவில் இறங்கியவற்றுள் 'ஸ்விங்' என்னும் அமைப்பும் ஒன்று. பாலியல் தொழிலில் ஈடுபடும் ஆண்களுக்கும் திருநருக்குமாக 2004 இல் தோன்றிய அமைப்பு அது.

1985 இல் பெண்களிடையே தோன்றிய 'எம்பவர்' என்னும் அமைப்பின் அனுபவமும் கருதற்பாலது. அதனைச் சார்ந்த தொழிலாளர் 2006 இல் சியாங் மாய் நகரிலே தாமே முதல் திரட்டி ஒரு மதுச்சாலையைத் திறந்தனர். அங்கே தொழிற்சட்டத்துக்கமைந்த வேலைநேரம், விடுமுறை, சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி ஆகியன இருந்தன. வேறிடங்களில் வழமையான கூலிவெட்டு அங்கு இருக்கவில்லை. இவர்களை மீட்க வெளியிலிருந்து எவரும் வரவில்லை. மறுக்கும் உரிமையை அவர்கள் கூட்டாகத் தாமே உண்டாக்கிக்கொண்டனர். இது சிறு முயற்சியே. ஆனால் சரியான திசையிலே எடுத்து வைத்த அடி.

தாய்லாந்தின் உல்லாசப் பயண அதிகாரசபை, தன்பால் விருப்புடைய வெளிநாட்டவரை நோக்கி 'தாய்லாந்துக்கு வா, சுதந்திரமாயிரு' என்னும் பொருள்பட விளம்பரம் செய்த ஆண்டுகளில், அந்நாட்டு மக்களுள் ஆணும் ஆணுமாகவோ பெண்ணும் பெண்ணுமாகவோ வாழ்ந்தவர்களுக்குத் திருமண உரிமை இருக்கவில்லை. விருந்தாளிக்கு விரித்த பாய் வீட்டாருக்கு விரிக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது. அதனை வென்றெடுத்தவர் அந்நாட்டுக் குடிமக்கள். பல்லாண்டு காலம் மனுக் கொடுத்தும், ஊர்வலம் சென்றும், பாராளுமன்றத்தில் வாதிட்டும் அவர்கள் பெற்றது அது. காசு கொடுத்து வாங்கிய சுதந்திரம் விமானம் ஏறியதும் முடிந்துவிடும். போராடிப் பெற்றது ஊரிலேயே தங்கி, அடுத்தவனுக்கும் பயன்படும்.

இதுவரை அயல்நாட்டைப் பற்றிப் பேசினோம். நமது வீட்டைப் பற்றி என்ன சொல்வது? 1883 இல் பிரித்தானியர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவும், 365 'அ' பிரிவும் இலங்கையிலே தன்பால் உறவைக் குற்றமாக்கின. 1995 இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, நீக்கப்படுவதற்குப் பதிலாகப் பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதனை நீக்குவதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் கூறியது. பச்சைக்கொடி காட்டப்பட்டும் பாராளுமன்றம் விரைந்து நடக்கவில்லை. மறுபுறம், 'மசாஜ் நிலையம் என்ற பெயரில் இயங்கிய விடுதி சுற்றிவளைப்பு' என்னும் செய்தியை நமது நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருக்கின்றோம்! கைதானவர்களின் வயதும் ஊரும் அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறும். முதலாளியின் இலாபமும், தொழிலாளியின் கூலியும் அவற்றில் இடம்பெறுவதில்லை. பயணிகளின் வழிகாட்டி வேலையாளை விலையாகக் காட்டுகின்றது. நமது செய்தி அவனைக் குற்றவாளியாகக் காட்டுகின்றது. மனிதனாகக் காட்டுவதற்கு இரண்டிலும் இடமில்லை.

ஆகவே, நாம் கேட்கவேண்டிய கேள்வி யார் யாரைத் தொடுகின்றார் என்பதன்று. தொடவும் தொடாதிருக்கவும் இருவருக்கும் சமமான உரிமை உண்டா என்பதே கேள்வி. காதலைக் குற்றமாக்கும் சட்டத்தை எதிர்ப்பவன், பசியை மூலதனமாக்கும் வாணிபத்தையும் எதிர்க்கக் கடமைப்பட்டவன். சுரண்டலை எதிர்ப்பவன், தன்பால் விருப்புடைய மாணவனொருவன் தன் வகுப்பறையில் தலைகுனிந்து அமர்ந்திருப்பதையும் பொறுக்கலாகாது. இன்று ஊரை விட்டு ஓடாமல் வாழ்வதற்கு அவனுக்கு நாம் இடமளிப்போமாயின், நாளை வேறொரு நாட்டின் ஏழையிடம் அவன் தன் சுதந்திரத்தை விலைபேச வேண்டிய தேவை எழாது.