என்னை நான் எப்படிச் சொல்வேன்?

சென்ற ஆண்டு பாஸ்கா காலத்தில் எங்கள் பங்கின் இளையோர் ஒருநாள் மாலை வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவராகத் தம்மை அறிமுகம் செய்துகொண்டனர். பெயர், தொழில், பொழுதுபோக்கு, பிடித்த இசை ஆகியவற்றைச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணிப்பொறி நிரல் எழுதும் 27 வயது இளைஞர் எழுந்தார். பாடற்குழுவில் கீபோர்டு வாசிப்பவர் என்று மட்டுமே அவரை நான் அறிந்திருந்தேன். பெயரைச் சொன்னார். நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு தெரிந்தது. பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துச் சீர்செய்வது தம் பொழுதுபோக்கு என்றார். இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத் தொகுப்பே தமக்கு மிகவும் பிடித்தது என்றார். தியாகராஜருக்கும், செருமானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. இதற்கு எப்படிப் பெயரிடுவது என்னும் கேள்வியே அதன் தலைப்பு.

என் முறை வந்தது. பங்குத்தந்தை என்றேன், வாசிப்பு என்றேன், பிடித்த இசை கிரகோரியன் பாடல் என்றேன். அது முழுப் பொய்யன்று. குருமடத்தில் அதைப் பாடிப் பழகினேன் என்பது உண்மை. ஆனால் இரவில் செப நூலை மூடியபின் நான் விரும்பிக் கேட்பவை பழைய திரைப்பாடல்களே. இளையோர்முன் ஒரு குரு எப்படித் தோன்றவேண்டுமோ அப்படித் தோன்ற விரும்பினேன் போலும்!

அன்றிரவு இந்தச் சிறு பொய் என்னை உறுத்திற்று. மனிதன் தன்னைப்பற்றி மூன்று வரி சொல்லும்போது அங்கே வெளிப்படுபவன் அவன்தானா, அல்லது அவன் உடுத்த விரும்பும் ஓர் ஆடையா? தொழில் என்பது பெரும்பாலும் பிறர் நமக்கு இடும் பெயர்; ஊதியம் நிற்கும் நாளில் அப்பெயரும் நின்றுவிடலாம். பொழுதுபோக்கும் இசையும் கூலியின்றி நாமே தேடிச் செல்பவை. ஆகவே அவையே நம்மை உள்ளபடி காட்டும் எனத் தோன்றுகிறது. புனித தோமா அக்குவினாரும் விளையாட்டை இழிவாகக் கருதவில்லை. நற்செய்தியாளர் யோவான் தம் சீடரோடு விளையாடக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவரை அழைத்து, அம்பு எய்துகொண்டே இருக்க முடியுமா என்று யோவான் கேட்டாராம். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனமும் அத்தகையதே என்றாராம் யோவான். இப்பழங்கதையைத் தோமையார் தம் பெருநூலில் எடுத்தாள்கிறார்.

எனினும் விருப்பங்களின் பட்டியலையும் வேடமாக்க முடியும். என் கிரகோரியன் பாடலே அதற்குச் சாட்சி. புனித அகுஸ்தீனாரை எண்ணிப் பாருங்கள். மிலானில் ஆலயப் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தவர் அவர். அவரே தம் வரலாற்று நூலின் பத்தாம் பகுதியில், பாடலின் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை மிகுதியாக ஈர்த்த வேளைகளில் தாம் தவறியதாக எழுதுகிறார். பிடித்த இசை எது என்னும் எளிய கேள்வியையே பாவசங்கீர்த்தனமாக மாற்றிவிட்டார் அம்மனிதர்!

சில நாள் கழித்து, அந்த இளைஞரிடமே என் குழப்பத்தைச் சொன்னேன். பொய்யை மட்டும் சொல்லவில்லை. அவர் தம் துறையின் மூத்தவர் ஒருவரைப்பற்றிக் கூறி, அவர் எழுதியவற்றையும் எனக்குப் படிக்கத் தந்தார்.

டொனால்டு கனூத் என்பது அவர் பெயர். 1938 சனவரி 10ஆம் நாள் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், லுத்தரன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். நிரல் எழுதுவதை ஒரு கலையாகவே கருதி அவர் படைத்துவரும் பெருநூலின் முதல் தொகுதி 1968இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் நூல் நிறைவு பெறவில்லை. 1977இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகள் வந்தபோது, எழுத்துகளின் அழகின்மை அவருக்குப் பொறுக்கவில்லை. அச்சுக்கோப்பதற்கென ஒரு நிரலைத் தாமே எழுதத் தொடங்கினார். விரைவில் முடியுமென எண்ணிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று. 'டெக்' என வழங்கும் அந்நிரலை எல்லாருக்கும் இலவசமாகவே கொடுத்துவிட்டார். கணித நூல்கள் பலவும் இன்றுவரை அதனால்தான் அச்சேறுகின்றன.

அவருடைய பொழுதுபோக்குகளும் சுவையானவை. சாலையோரத்து மஞ்சள்நிறச் சாய்சதுர எச்சரிக்கைப் பலகைகளைப் படமெடுத்துச் சேர்ப்பார். விவிலிய நூல்கள் ஒவ்வொன்றிலும் மூன்றாம் அதிகாரத்துப் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்து, 59 வசனங்களை ஆராய்ந்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டில் 812 குழல்கள் கொண்ட ஆர்கன் ஒன்றை நிறுவியிருக்கிறார். மின்னஞ்சலை உலகம் அறியத் தொடங்குமுன்பே, 1990 சனவரி முதல் நாளோடு அதைக் கைவிட்டுவிட்டார். (இச்செய்தியைப் படித்தபோது எனக்குப் பொறாமை வந்தது.)

ஆயினும் என்னை நிறுத்தியது இவை எதுவுமன்று. டெக் நிரலை எழுதிய பத்தாண்டுகளில் தாம் செய்த பிழைகளையும் திருத்தங்களையும் அவர் ஒரு குறிப்பேட்டில் பதிந்து வந்தார். 1989இல் அவற்றை அப்படியே அச்சிட்டு வெளியிட்டார். 850க்கும் மேற்பட்ட பதிவுகள்! அவற்றை 15 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தையும் இட்டிருந்தார். வழிமுறையிலேயே தவறியது ஒரு வகை. செய்ய நினைத்து மறந்தது ஒரு வகை. அறிந்தும் மடத்தனமாகச் செய்தது ஒரு வகை. எதிர்பாராமல் நேர்ந்தது ஒரு வகை. வெறும் எழுத்துப்பிழை ஒரு வகை. தம் நூல்களில் பிழையை முதலில் கண்டு சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட்டுக்கு ஒரு காசோலை அனுப்பும் வழக்கத்தையும் அவர் மேற்கொண்டார். பெற்றவர்களுள் பலர் அதை வங்கியில் மாற்றாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவைத்தனர்.

இதைப் படித்தபோது குருமட நாள்கள் நினைவுக்கு வந்தன. புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துக்கொண்டு, நாளொன்றுக்கு இருமுறை கோட்டின்மேல் புள்ளியிட்டு, நேற்றையதை இன்றையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். நானும் ஒரு சிறு குறிப்பேட்டில் புள்ளியிட்டேன். மூன்றாம் வாரத்தில் அந்தக் குறிப்பேடு எங்கோ தொலைந்துபோயிற்று, நான் தேடவுமில்லை.

நிரற்பிழையும் பாவமும் ஒன்றாகுமா என்று வாசகர் கேட்கலாம். ஒன்றாகா. பிழையான நிரலிடம் எவரும் மன்னிப்புக் கேட்பதில்லை. பாவத்திலோ நம்மை நேசிக்கும் ஒருவரைப் புண்படுத்துகிறோம். ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. தன் மதிப்பு முழுவதையும் தன் பிழையின்மைமீது கட்டியெழுப்பியவனால் தன் தவறுகளை எண்ணி அச்சிட இயலாது. அவன் அவற்றை மறைப்பான், அல்லது கிரகோரியன் பாடலைத் துணைக்கு அழைப்பான். பிழைகளைச் சொல்லியபின்னும் தனக்கு ஒரு பெயர் எஞ்சும் என்று நம்புகிறவனால்தான் அதைச் செய்ய முடியும். டெக் நிரலின் பதிப்பு எண்கள் வட்டத்துக்குரிய 'பை' என்னும் எண்ணை நோக்கி, திருத்தத்துக்கு ஓர் இலக்கமாக நீண்டு செல்கின்றன. தம் இறப்புக்குப்பின் அது 'பை' என்றே நிலைபெற வேண்டும், எஞ்சிய பிழைகளை எவரும் தொடலாகாது என்று அவர் எழுதிவைத்திருக்கிறார்.

இசையையும் அவர் வெறும் விருப்பமாக நிறுத்திவிடவில்லை. திருவெளிப்பாடு நூலின் 22 அதிகாரங்களையும் தொடர்ந்து செல்லும் ஒரு நெடிய ஆர்கன் இசையைப் பல ஆண்டுகள் உழைத்து இயற்றினார். 2018 சனவரி 10ஆம் நாள், அவருடைய எண்பதாம் பிறந்த நாளன்று, சுவீடன் நாட்டின் பித்தியோ நகரில் அது முதன்முதலாக இசைக்கப்பட்டது. அத்திருநூலின் இரண்டாம் அதிகாரத்தில், வெற்றி பெறுவோருக்கு ஒரு வெண்கல் தரப்படும் என்ற வாக்குறுதி உள்ளது. அக்கல்லில் எழுதப்பட்ட புதிய பெயரைப் பெறுபவரன்றி வேறெவரும் அறியார். அதுவும் ஓர் அறிமுகம்தான். ஆனால் அதைச் சொல்பவர் நாமல்லர்.

இவற்றை இப்போது நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நவம்பர் மாதத்தில் அந்த இளைஞரின் நிறுவனம் பலரை வேலையிலிருந்து நீக்கியது. அவரும் அவர்களுள் ஒருவர். ஊருக்குத் திரும்பினார், இரண்டு ஞாயிறு திருப்பலிக்கு வந்தார், பின்பு வரவில்லை. கீபோர்டு இல்லாமலே பாடினோம். திருவருகைக் காலமும் வந்துவிட்டது. ஒருநாள் அவருடைய தாயாரிடம் விசாரித்தேன்.

"கோவில் வாசலில் எல்லாரும் இப்போது எங்கே வேலை என்றுதான் கேட்கிறார்கள், சாமி. நீங்களும் கேட்டீர்களாம்" என்றார்.

கேட்டிருந்தேன். நான்குபேர் சூழ நிற்கையில் கேட்டிருந்தேன். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னதும், செபிப்போம் தம்பி என்று கூறி அடுத்தவரிடம் திரும்பியிருந்தேன். அகுஸ்தீனாரையும் கனூத்தையும் படித்துச் சிந்தித்த பிறகு நடந்தது இது. 15 வகைகளுள் இதற்குரிய எழுத்து எதுவென்று எனக்குத் தெரியும்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்து மேசைமேல் ஒரு வானொலிப் பெட்டி பிரித்துப் போடப்பட்டிருந்தது. எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார். கண்ணை மட்டும் உயர்த்தவில்லை. வேலையைப்பற்றிக் கேட்கக்கூடாது என்று வழியெல்லாம் முடிவுசெய்து வந்தவனுக்கு, வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், பாஸ்கா கூட்டத்தில் நான் சொன்ன கிரகோரியன் பாடல் பொய் என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் கேட்ட கேள்விக்கும் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

"ஃபாதர், காணிக்கைப் பாட்டில் இரண்டாம் சரணத்தில் நான் ஒரு சுரத்தை ஒரு வருடமாகத் தப்பாகவே வாசிக்கிறேன். யாரும் கவனிக்கவில்லை. உங்களுக்காவது கேட்டதா?"

கேட்கவில்லை என்றேன். உறையை விலக்கிக் கீபோர்டை எடுத்து மடியில் வைத்தார். முதலில் தவறாக வாசித்துக் காட்டினார், பிறகு சரியாக. எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அதையும் சொன்னேன். மறுபடி வாசித்தார். நான்காம் முறையில் வேறுபாடு என் காதுக்குப் பிடிபட்டபோது, தாயார் விளக்கேற்றிக் காப்பியோடு வந்தார்.